ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு

கந்தர்வக்கோட்டை
10.11.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில நான், ரூமானா, மாமா, மாமி எல்லாரும் சுகம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா, இல்ல வழக்கம்போல தைலம்தானா?

போன் இருக்கப்ப கடுதாசி எதுக்குன்னு சிரிக்காதீங்க. நேத்து வீடியோ கால்ல, "அடுத்த வருஷம் வந்துர்றேன், திருச்சியிலயோ தஞ்சாவூர்லயோ ஒரு வீடு பாரு"ன்னு சொன்னீங்க. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள மாமி போனை வாங்கிட்டாங்க. மாமா பின்னாடி நின்னுக்கிட்டு ஹலோ ஹலோன்னு கத்துறாங்க. ரூமானா விழுந்த பல்லைக் காட்டுறா. அங்கிட்டு உங்க ரூம்ல கட்டிலுக்குக் கட்டில் தலை தெரியுது. புருஷன் பொண்டாட்டி பேசுற பேச்சா அது? வார்டு கவுன்சிலர் மீட்டிங் தோத்துரும். அதான் லீவு முடிஞ்சு திரும்புற அப்துல்லா அண்ணன் கையில இதைக் கொடுத்து விடுறேன். உங்க ரூம்காரர்தானே, பத்திரமா வந்து சேரும்.

ஒண்ணு மட்டும் தெளிவாச் சொல்லுங்க. வந்துர்றேன்னு சொன்னது லீவுலயா, கேன்சல்லயா? விசாவை முடிச்சு, இனிமே போகமாட்டேன்னு வர்றதா? நெசமாவா மச்சான்? நேத்திலிருந்து எனக்கு ஒரு வேலை ஓடல. குழம்புல ரெண்டு தடவை உப்பு போட்டுட்டேன்.

எனக்குத் தஞ்சாவூர்தான் தோது. மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் கேக்குறாங்க. பீரோவுல கெடக்குற என் பி.எட். சர்டிபிகேட்டுக்கும் காத்துப் படும். ரூமானாவையும் அங்கேயே சேர்த்துரலாம். நீங்க ஏசி சர்வீஸ் கடை போடுறதுன்னா தஞ்சாவூர்லயும்தான் வெயில் அடிக்குது.

பதில் போன்ல வேணாம். எழுதுங்க.

வஸ்ஸலாம்.
உங்கள் பாசிலா

*

ஷார்ஜா
01.12.2024

அன்பு பாசிலாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நான் நல்லாயிருக்கேன். முட்டியும் நல்லாயிருக்கு. அதைப் பத்தி யாரும் கேக்காம இருந்தா இன்னும் நல்லாயிருக்கும். அத்தா அம்மாவுக்கு ஸலாம் சொல்லு, ரூமானாவுக்கு முத்தம். விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுறாம வெச்சிருக்கச் சொல்லு, நான் பாக்கணும்.

பேனா புடிச்சு எத்தனை வருஷமாச்சு, கை வலிக்குது. ஒனக்காக எழுதுறேன்.

திருச்சிதான் சரி புள்ள. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். பெரிய ஊரு, பெரிய ஆஸ்பத்திரி, எந்தத் திசைக்கும் பஸ்ஸு, ரயிலு. ஏசி வேலைக்கு ஆளு கெடைக்காம அலையுறாங்களாம், செம்மல் சொன்னான். ஞாபகம் இருக்கா, என் கூட ஐ.டி.ஐ. படிச்சவன்? அவனே அங்கே ஏசி கடையை ஆள் வெச்சுத்தான் ஓட்டுறான். தஞ்சாவூர் அமைதியான ஊருதான், இல்லங்கல. ரிட்டையர்டு ஆனவங்க போய் உக்கார்ற ஊரு. எனக்கு இன்னும் நாப்பதே ஆகல.

கே.கே. நகர், சுப்பிரமணியபுரம் அந்தப் பக்கமாப் பாரு. நல்ல ஏரியா. அம்மாவையும் கூட்டிட்டுப் போ.

மத்ததெல்லாம் இன்ஷா அல்லாஹ் நல்லபடியா நடக்கும். நேரத்துக்குச் சாப்பிடு. துஆவுல மறக்காதே.

வஸ்ஸலாம்.
முகமது அஸ்வர்

*

கந்தர்வக்கோட்டை
22.12.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். மாமாவுக்கு மட்டும் சளி புடிச்சிருக்கு, கஷாயம் வேணாம்னு சண்டை. அங்கிட்டுக் குளிர் ஆரம்பிச்சிருக்குமே, அந்த நீலக் கம்பளியைப் போர்த்திக்கங்க.

நான் கேட்டது லீவா கேன்சலான்னு. நீங்க சொன்னது இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் நாடுனா நடக்கும், எனக்கும் தெரியும். நீங்க நாடுறீங்களாங்கிறதுதான் என் கேள்வி.

சரி, ரெண்டு ஊரையும் பாத்துட்டு வந்தோம். திருச்சிக்கு பஸ் மாறிப் போய் இறங்குறதுக்குள்ள மாமிக்குத் தலை சுத்திருச்சு. ரூமானா ஜன்னல் வழியா வாந்தி. கே.கே. நகர் வீடு நல்ல வீடு, நான் பொய் சொல்லமாட்டேன். மார்பிள் தரை, ரெண்டு பாத்ரூம். வீட்டுக்காரர் தண்ணி வசதியைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்காரு, மேல பிளேன் போகுது. மாமி அவர் பேச்சை அப்படியே விட்டுட்டு வாசலுக்கு ஓடி, கையேந்தி துஆ கேக்குறாங்க. என்னா மாமின்னா, "என் புள்ளை வர்ற பிளேனு இதுவா இருக்குமோ"ங்கிறாங்க. அந்த மனுஷன் முழிச்ச முழியைப் பாக்கணுமே! நல்ல ஏரியான்னு சொன்னீங்களே, தலைக்கு மேல இந்தச் சத்தத்தையும் சேர்த்தா சொன்னீங்க?

தஞ்சாவூர் வீடு சின்னது. மாடிப்படிக்கு அடியில ஒரு ரூமு, அதுக்கு ஜன்னலே இல்ல. ஆனா ஸ்கூலுக்கு நடந்தே போயிரலாம். வீட்டுக்காரம்மா சொர்ணம்னு பேரு, எதிர் வீட்லயே இருக்காங்க, போஸ்டாபீஸ்ல வேலை பார்த்தவங்க. வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மாமியும் அவங்களும் உக்காந்து மாத்திரைப் பேச்சு பேசுனாங்க பாருங்க, சொந்தக்காரங்க தோத்தாங்க.

பேரைக் கேட்டதும் "இப்பத்தான் வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்"னு கதவைச் சாத்துன வீடும் உண்டு. அதுல ரெண்டு ஊரும் ஒண்ணுதான். மனசு கஷ்டமாப் போச்சு. விடுங்க.

எனக்குச் சொர்ணம்மா வீடுதான் புடிச்சிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க? அந்தக் கேள்விக்கும் பதில் எழுதுங்க.

வஸ்ஸலாம்.
பாசிலா

*

ஷார்ஜா
19.01.2025

அன்பு பாசிலாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நல்லாயிருக்கோம். கம்பளி கதகதப்பா இருக்கு. அத்தா கஷாயம் குடிச்சாங்களா?

அம்மா துஆ கேட்டதைப் படிச்சிட்டு ரூமே சிரிச்சுது. ஆமா, சத்தமா வாசிச்சிட்டேன். அந்த இடத்தை மட்டும்தான், கோவிச்சுக்காதே.

பிளேன் சத்தம் ஒரு வாரத்துல பழகிரும். ரயில்வே காலனியில ஆளுங்க தூங்கலையா? ஜன்னல் இல்லாத வீட்டுக்கு மார்பிள் தரை வீடு எவ்வளவோ மேல். தஞ்சாவூர்னா இறங்கி, பெட்டியெல்லாம் வேன்ல ஏத்தி, மறுபடி ஒரு பயணம். திருச்சின்னா வரப்போக வசதி. ஆட்டோவுல போயிரலாம். ஒனக்கும் அலைச்சல் இல்ல. வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் புள்ள, திருச்சியில இல்லாத ஸ்கூலா?

இங்கே ஒரு செய்தி. அப்துல்லா அடுத்த மாசம் கேன்சல்ல ஊருக்கு வர்றான். முடிவெடுத்துட்டான். வெள்ளிக்கிழமை ரூம்ல அவனுக்கு பிரியாணி. கறி நானே வாங்கிட்டு வந்தேன். இத்தனை வருஷம் ஒரே ரூம்ல கெடந்தோம். அவன் என்னா செய்யப் போறான் ஊர்லன்னு கேட்டா, தெரியலங்கிறான். தெரியாமத்தான் போறேன்னு சிரிக்கிறான்.

இப்போதைக்குத் தஞ்சாவூர் வீட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துறாதே. ஒடம்பைப் பாத்துக்க.

வஸ்ஸலாம்.
அஸ்வர்

*

கந்தர்வக்கோட்டை
16.02.2025

என் கண்ணான மகன் அஸ்வருக்கு,

ஒங்க அம்மா சம்சுன் நிஹார் ஸலாம் சொல்லி எழுதுறது. ஒங்க அத்தாவோட ஸலாமும் இதுலயே சேத்துக்க. நாங்க நல்ல சுகம். நோன்பு வருது, அதுக்குள்ள ஒன் ஒடம்பைத் தேத்திக்க. வீடியோவுல கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்கு.

பாசிலா ஒனக்கு என்னாத்தையோ பக்கம் பக்கமா எழுதுறா. நானும் எழுதிப் பாப்போமேன்னு உக்காந்தேன். எனக்கென்னா எழுதத் தெரியாதா, அந்தக் காலத்து எட்டாம் கிளாஸு.

அப்துல்லா வந்து பாத்துட்டுப் போனான். மகராசன், சாமானெல்லாம் முன்னாடியே கார்கோவுல போட்டுவிட்டுட்டான். தலகாணி மொதக்கொண்டு வந்து எறங்குச்சு. அவங்க அம்மா அதை வெயில்ல காயப் போட்டுட்டு அழுவுது. நல்ல அழுகைதான். அவன் கட்டிலைப் பத்திச் சொன்னான். ரெண்டு அடுக்குக் கட்டில்ல கீழ்க் கட்டிலாமே, ரூம்ல அதுக்குத்தான் போட்டியாமே. போறவன் யாருக்குச் சொல்றானோ அவனுக்குத்தானாம். ஒனக்குத்தான் விட்டுக்கொடுத்தானாம், சின்ன பிரிட்ஜையும் ஒன் பேர்ல வெச்சிட்டு வந்தானாம். எனக்கு அம்புட்டு சந்தோசம். மேல ஏறி எறங்குனா முட்டி என்னாத்துக்கு ஆகும்? அப்துல்லாவுக்குத் துஆ செஞ்சேன்.

திருச்சியோ தஞ்சாவூரோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எந்த ஊரா இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்கு ஆட்டுக்கறி எடுத்துக்கிட்டு பஸ் ஏறிருவேன். நீ எப்ப வாரே, அதைச் சொல்லு. வேன் பேசணும். எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வருவோம்.

ஒன் அம்மா

*

கந்தர்வக்கோட்டை
20.02.2025

மச்சானுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகமா இருக்காங்க. நான் இல்ல.

மாமி கடுதாசியைத் தபால்ல சேர்க்கச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தாங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி, "சரியா எழுதிருக்கேனான்னு பாரு"ன்னு அவங்களே படிக்கச் சொன்னாங்க. படிச்சேன்.

ஊருக்கு வரப்போற மனுஷனுக்கு எதுக்கு மச்சான் கீழ்க் கட்டிலு?

மாமிக்குப் புரியல. முட்டிவலிக்குன்னு சந்தோசப்படுறாங்க. எனக்குப் புரியும். நீங்களே எத்தனை லீவுல கதை கதையாச் சொல்லிருக்கீங்க, கீழ்க் கட்டிலுக்கு எப்படிக் காத்துக் கெடப்பீங்க, கெடைச்சவன் அதை எப்படி விடவே மாட்டான்னு. பெட்டியைக் கட்டுறவன் கட்டில் மாறமாட்டான். போறவன் பிரிட்ஜை வாங்கி வெச்சுக்கமாட்டான்.

அதுக்கப்புறம் உங்க கடுதாசியெல்லாம் எடுத்து வெச்சுப் படிச்சேன். கே.கே. நகர். சுப்பிரமணியபுரம். வரப்போக வசதி. ஆட்டோவுல போயிரலாம். ஆஸ்பத்திரியாவது மண்ணாவது! நீங்க குடும்பத்துக்கு வீடு பாக்கல மச்சான், ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல எங்களை இறக்கி வைக்கப் பாக்குறீங்க. வந்து பாத்துட்டுப் போறதுக்கு. விசாவைப் புதுப்பிச்சாச்சா, இல்லையா? ஆமான்னாலும் எழுதுங்க. இல்லைன்னாலும் எழுதுங்க. போன்ல கேட்டு மாமி முன்னாடி உங்களைப் பொய் சொல்ல வைக்கமாட்டேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து நான் உங்களை இப்படிக் கேட்டதே இல்ல. இப்ப கேக்குறேன்.

பாசிலா

*

கந்தர்வக்கோட்டை
06.04.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் போச்சு, பெருநாளும் போச்சு, பதில் வரல. போன்ல பெருநாள் வாழ்த்து சொன்னீங்க. சட்டை நல்லாயிருந்துச்சு. எல்லார்கிட்டயும் பேசிட்டு என் முறை வந்ததும் நெட்வொர்க் போயிருச்சு. உங்க ஷார்ஜா நெட்வொர்க்குக்கு என்னைக் கண்டா அப்படி என்னா பயமோ.

சொல்லிட்டுச் செய்யணும்னுதான் எழுதுறேன். தஞ்சாவூர் ஸ்கூல்ல டெமோ கிளாஸ் எடுத்தேன். பின்னக் கணக்கைப் பிஸ்கட் ஒடைச்சுக் காட்டுனேன், பிள்ளைங்க சிரிச்சுதுங்க. வேலை கொடுத்துட்டாங்க. ஜூன்ல சேரணும். சொர்ணம்மா வீட்டை எடுத்துட்டேன். மாமா கையெழுத்துப் போடுறேன்னாங்க, வேணாம் மாமா, நானே போடுறேன்னு என் பேர்லயே போட்டேன். அக்ரிமென்ட்ல என் பேரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். சந்தோசமா பயமான்னு தெரியல.

மாமி குக்கரைத் துடைச்சு அட்டைப்பெட்டியில வெச்சாங்க.

கோவமா இருக்கேன். அதுக்காக உங்க ஒடம்பு நல்லாயிருக்கணும்னு நெனைக்காம இல்ல.

வஸ்ஸலாம்.
பாசிலா

*

ஷார்ஜா
27.04.2025

அன்பு பாசிலாவுக்கு,

ஸலாம். நீ நல்லாயிருக்கியான்னு கேக்க எனக்கு என்னா யோக்கியதை இருக்கு. ஆனாலும் கேக்குறேன். எத்தனையோ தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு இதை எழுதுறேன்.

ஆமா. ஜனவரியிலேயே புதுப்பிச்சிட்டேன். கம்பெனியில கேட்டாங்க, யோசிக்காம சரின்னுட்டேன். நீ நெனைக்கிற மாதிரி சம்பளத்துக்காக இல்ல. கடை வைக்க இருக்கிறதே போதும், ஒனக்கே தெரியும். அதனாலதான் ஒனக்கு எழுத வாயில்லாமப் போச்சு. காசுக்காகன்னு எழுதிருந்தா ஒரே பக்கத்துல முடிஞ்சிருக்கும்.

லீவுல வர்றேன். மொத வாரம் நான் மாப்பிள்ளை. விருந்து, ஸலாம், தெருவெல்லாம் கையைப் புடிச்சு விசாரிப்பு. அதுக்கப்புறம் என் வீட்லயே டம்ளர் எங்க இருக்குன்னு ஒங்கிட்ட கேட்டுக்கிட்டு நிக்கிறேன். கேஸ் எப்ப தீரும், கரன்ட் பில் எங்க கட்டுறது, எல்லாம் ஒனக்குத் தெரியும். ரூமானா ஹோம்வொர்க் நோட்டை எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டி ஒங்கிட்ட வருவா. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். போன தடவை அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், ஞாபகம் இருக்கா? நீ சிரிச்சே. அவ ஸ்கூல் கெளம்பும்போது அவிழ்த்து நீ மறுபடி பின்னுனே. நீ தப்பா எதுவும் செய்யல. நான்தான் அன்னிக்கு பூரா எங்கிட்டு உக்கார்றதுன்னு தெரியாம திரிஞ்சேன்.

திரும்புற அன்னிக்கு எல்லாரும் அழுவீங்க. எனக்கும் கண்ணு கலங்கும். ஆனா செக்கிங் முடிஞ்சு உள்ள போய் உக்காந்ததும் ஒரு நிம்மதி வருது புள்ள. சத்தியமா வருது. அது என்னா மனுஷ ஜென்மம்னு என்னையே திட்டிக்குவேன். இங்கே நான் யாருன்னு எனக்குத் தெரியும். அஸ்வர் பாய், கம்ப்ரஸர் சத்தத்தை வெச்சே கோளாறு சொல்லுவாரு. அங்கே நான் யாரு?

ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல வீடுன்னா, முடியாமப் போனா சட்டுன்னு கெளம்பிரலாம்னு ஒரு தைரியம். அவ்வளவுதான் என் திருச்சி.

ஜூன்ல, ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு டிக்கெட் போட்டிருக்கேன். லீவு டிக்கெட்டுதான், போக வர. வாரேன். வந்து என்னா செய்யப் போறேன்னு தெரியல.

வஸ்ஸலாம்.
அஸ்வர்

*

கந்தர்வக்கோட்டை
18.05.2025

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லாயிருக்கேன். இந்தத் தடவை நெசமாத்தான்.

உங்க கடுதாசியைப் படிச்சதும் தட்டைத் தூக்கி எறியலாம் போல கோவம் வந்துச்சு. நாங்க ஏர்போர்ட் வாசல்ல மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறோம், உள்ள உக்காந்து உங்களுக்கு நிம்மதியா! அன்னிக்கு பூரா பாத்திரத்தைப் போட்டு உருட்டுனேன். மாமி பயந்துபோய் துஆ ஓதி என் மேல ஊதிவிட்டாங்க.

அப்புறம் யோசிச்சேன். நானும் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்களை ஏத்திவிட்டுட்டு வேன்ல திரும்பி வர்றோமா, அழுது முகமெல்லாம் வீங்கிக் கெடக்கும். வீட்டுக்கு வந்து, உங்க பெட்டி கெடந்த எடத்தைப் பெருக்கிட்டு, கட்டில்ல குறுக்கே படுப்பேன். அப்பாடான்னு இருக்கும். எனக்கும்தான் இருக்கும் மச்சான். இதை யார்கிட்ட சொல்ல முடியும்? பாவின்னு சொல்லுவாங்க. அந்தத் தலைப்பின்னலை அவிழ்த்தப்பகூட, இவரு போனதுக்கப்புறம் நான்தானே பின்னணும்னுதான் கை போச்சு. நீங்க நொந்தது தெரியாது.

அதான் எனக்குப் பயம். நீங்க இல்லாம இருக்குறது எனக்கு நல்லாப் பழகிருச்சு. இன்னொரு விசா முடியறதுக்குள்ள முழுசாப் பழகிரும்.

லீவா கேன்சலான்னு இனிமே கேக்கமாட்டேன். ஆனா ஏர்போர்ட்டுக்கு வேன் வராது. நானும் வரமாட்டேன், யாரும் வரமாட்டாங்க. மாமி ரெண்டு நாள் சாப்பிடல. "புள்ளையை வரவேற்க ஆள் இல்லாம அனாதையாட்டம் வருவானா"ன்னு கேட்டாங்க. வேன்ல கூட்டிட்டு வந்தா விருந்தாளி மாமி, பஸ்ல வந்தாத்தான் வீட்டுக்காரருன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாங்க.

விலாசம் பின்பக்கம் எழுதிருக்கேன். திருச்சியில பஸ் ஏறி, தஞ்சாவூர்ல எறங்கி, வழி கேட்டு வாங்க. நாங்க அடுத்த வாரம் சாமான் ஏத்துறோம். டம்ளரை எங்க வைக்கிறதுன்னு எனக்கே இன்னும் தெரியாது. சீக்கிரம் வந்து இருந்தீங்கன்னா ரெண்டு பேருமாச் சேர்ந்து பழகலாம். இல்லாட்டி நான் மட்டும் பழகிருவேன்.

வஸ்ஸலாம்.
பாசிலா

*

தஞ்சாவூர்
17.06.2025

பாசிலா,

ஸலாம். நான் சுகம். நீ சுகமான்னு நேர்லயே கேட்டுக்கிறேன்.

வந்துட்டேன். என் இந்தியா சிம் செத்துப்போச்சு, அதான் இந்தத் தாளு. பஸ்ஸுல பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டான் கண்டக்டர். ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி, பெட்டியை இழுத்துக்கிட்டு நடந்து, மூணு பேர்கிட்ட வழி கேட்டேன். டீச்சர் வீடுன்னதும் ஒருத்தன் ஒங்க ஸ்கூல் வாசலுக்கே கொண்டாந்து விட்டுட்டான். உள்ள வரல. நீ பாடம் எடுக்குற சத்தம் கேட்டுச்சு. ஒன் சத்தம் மாதிரிதான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு இங்கிட்டு வந்தேன். வீடு பூட்டியிருக்கு.

சொர்ணம்மா வெளிய வந்து, "யாருங்க வேணும்?"னாங்க. பாசிலா வீட்டுக்காரர்னேன். "டீச்சர் வீட்டுக்காரர் பாரின்ல இருக்காருங்களே"ன்னு மேலயும் கீழயும் பாத்தாங்க. பாஸ்போர்ட்டைக் காட்டலாமான்னு ஆயிருச்சு. ஒரு வழியா நம்பி, தண்ணி கொடுத்தாங்க. அதோட நிறுத்திருக்கலாம். ஊர்ல எல்லாரும் கேப்பாங்களே, அதையே அவங்களும் கேட்டாங்க. "எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?"

எத்தனை வருஷமா இதுக்குத் தேதி சொல்லிருக்கேன். திரும்புற டிக்கெட்டு பையிலதான் இருக்கு, ஒங்கிட்ட மறைக்கல. ஆனா வாயில வந்தது வேற. "போகலைங்க"ன்னுட்டேன். சொர்ணம்மாகிட்ட பேனா வாங்கித்தான் எழுதுறேன். பயமா இருக்கு. பெட்டியை அவங்க வீட்ல வெச்சிருக்கேன், இந்தத் தாளை நம்ம கதவு இடுக்குல சொருகிட்டுப் போறேன்.

ரூமானாகிட்ட அத்தா வந்திருக்குன்னு சொல்லு. நான் எங்கிட்டும் போயிரல. முக்குல இருக்கிற டீக்கடையிலதான் இருக்கேன். வந்து கூப்பிடு.

அஸ்வர்